மகள் வேலைக்குக் கிளம்புகிறாள்: விசுவாசப் பெற்றோருக்குச் சில யோசனைகள்

மகளுக்கு வெளியூரில் முதல் வேலை. ஞாயிறு ஆராதனைக்குப் போவாளா, யாரோடு பழகுவாளோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் வருவதுதான். அந்தப் பயத்தில் விண்ணப்பத்தை நீங்களே நிரப்புவதும் மேலாளருக்குப் போன் போடுவதும் அவளுக்குத்தான் கெடுதல். 22 வயதுப் பெண்ணுக்கு லீவு கேட்டு அப்பா பேசினால், அலுவலகத்தில் அவளை நம்பிப் பெரிய பொறுப்பு எதையும் தர யோசிப்பார்கள்.

கிளம்ப ஆறு மாதம் இருக்கும்போதே பொறுப்பைக் கைமாற்றத் தொடங்குங்கள். முதலில் பணம். மாதச் செலவுக்கான தொகையை ஒன்றாம் தேதியே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். இருபதாம் தேதி தீர்ந்துபோனால் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் தவிர வேறெதற்கும் கூடுதலாகத் தராதீர்கள். இங்கேதான் பெரும்பாலான அம்மாக்கள் மனமிளகி ரகசியமாகக் கொடுக்கிறார்கள். பழக்கம் அன்றோடு கெடுகிறது. சம்பளம் வந்த பிறகு காணிக்கை எவ்வளவு என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்றுதானே வேதாகமத்தில் 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது.

பணி நியமனக் கடிதத்தை அவள் வாசித்து உங்களுக்கு விளக்கட்டும். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, குறிப்பிட்ட காலம் விலகக் கூடாது என்ற பாண்ட் (ஒப்பந்தம்) உண்டா, வார விடுமுறை எந்த நாள் என்று அவளிடமே கேளுங்கள். ஞாயிறு ஷிப்ட் இருக்குமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் அது சலுகை கேட்பதாக ஆகிவிடும். வேலை தர முன்பணம் கேட்டால் அந்த இடமே வேண்டாம்.

அடுத்தது, வீடுகளில் அதிகம் காயப்படுத்தும் விஷயம். "ஜெபித்தேன், இந்த வேலை வேண்டாம் என்று ஆண்டவர் உணர்த்தினார்" என்று பெற்றோர் சொல்லிவிட்டால் பிள்ளை என்ன பதில் பேச முடியும்? மறுத்தால் கர்த்தரையே மறுத்ததுபோல் ஆகிவிடும். அதனால் பிள்ளை வாதாடாது, அடுத்த முறை உங்களிடம் சொல்லாமலே முடிவெடுக்கும். உங்கள் தயக்கத்தை உங்கள் தயக்கமாகவே சொல்லுங்கள்: "இரவு ஷிப்ட், தங்குமிடம் தூரம், இந்த இரண்டும்தான் எனக்குக் கவலை." இதற்கு அவளால் பதில் சொல்ல முடியும்.

பிறந்தபோதே தேவ ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளையாக இருந்தாலும் இதேதான். பிள்ளையைக் கர்த்தருக்கே தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) செய்தது தாய் அன்னாள்; ஆனால் கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மகன் சாமுவேலை, பதில் சொன்னதும் அவன்தான். அந்த அழைப்பு அவளுக்கு வராமல் வேதாகமக் கல்லூரியில் சேர்க்காதீர்கள். உலக வேலை தாழ்ந்தது என்ற எண்ணமும் வேண்டாம். பவுல் கூடாரம் செய்தார், லீதியாள் இரத்தாம்பரம் (ஊதாச் சாயத் துணி) விற்றாள்.

புதிய ஊரில் சபையை முதல் மாதமே தேடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடம் போய்ப் பார்த்து அவளே தேர்ந்தெடுக்கட்டும். தள்ளிப்போட்டால் ஞாயிறு தூங்கும் நாளாகப் பழகிவிடும். அவளுக்குத் தெரியாமல் அங்குள்ள போதகரிடம் விசாரிக்காதீர்கள். தெரிய வந்தால் அந்தச் சபையையும் விட்டுவிடுவாள், உங்களிடம் பேசுவதையும் குறைத்துக்கொள்வாள்.

போனுக்கு வாரத்தில் ஒரு நேரம் இருவருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "சர்ச்சுக்குப் போனியா?" என்று ஆரம்பித்தால் "போனேன்" என்ற ஒரு வார்த்தைதான் வரும். "இந்த வாரம் உனக்காக எதுக்கு ஜெபிக்கட்டும்மா?" என்று கேட்டுப் பாருங்கள். மேலாளர் திட்டியது, அறைத்தோழியோடு மனக்கசப்பு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். உடனே தீர்வு சொல்லாமல் கேளுங்கள், அடுத்த வாரம் "அது என்னாச்சு?" என்று மறக்காமல் விசாரியுங்கள்.

வேலை போய்த் திரும்பி வந்தால் கதவு திறந்தே இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் ஓய்வு. பிறகு உட்கார்ந்து பேசி, எத்தனை மாதம் வீட்டில், வீட்டு வேலையில் பங்கு என்ன, வாரத்துக்கு எத்தனை விண்ணப்பம், மறுபடி எந்தத் தேதியில் பேசுவது என்று ஒரு தாளில் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.