லண்டனில் யூதர்களின் முதியோர் பராமரிப்பு அமைப்பில் தொண்டராகச் சேர, யூதராக இருக்க வேண்டுமா?

கேட்டவர் லண்டனுக்கு வந்து ஒரு வருஷமாம். வீட்டுக்குக் கிட்ட யூத சமூகம் நடத்தும் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் தொண்டர்கள் தேவை என்று அறிவித்தல் பார்த்திருக்கிறார். தமிழரான தான் போய்க் கேட்கலாமா, என்ன வேலை தருவார்கள், அவர்களின் சமயம் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

தாராளமாகக் கேட்கலாம். நான் எட்ஜ்வெயரில் இருக்கிற யாழ்ப்பாணத்துச் சைவப் பெடியன் (பெடியன் என்று சொல்லும் வயது போய்விட்டது, பரவாயில்லை). 2016 இலிருந்து செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் இப்படி ஓர் இல்லத்துக்குப் போய்வருகிறேன். எந்த இல்லம் என்று சொல்லப் போவதில்லை, அங்கே இருந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது சில விபரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

முதலில் சேருகிற அலுவல். விண்ணப்பம், ஒரு சின்ன நேர்முகம், உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் சிபாரிசு, அப்புறம் டீபிஎஸ் என்கிற பொலிஸ் பதிவுச் சோதனை. தொண்டர்களுக்கு அந்தச் சோதனைக்குக் காசு இல்லை. எல்லாம் முடிய சில கிழமைகள் போகும், இரண்டாம் நாளே கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறகு அரை நாள், ஒரு நாள் பயிற்சி: நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது, மறதி நோய்க்காரரோடு எப்படிக் கதைப்பது, யாராவது உங்களிடம் காசு தர வந்தால் எப்படி மறுப்பது. உங்கள் விசா நிபந்தனையையும் ஒருக்கா பாருங்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் இருப்பவர்கள்கூடத் தொண்டு நிறுவனங்களில் சம்பளம் இல்லாமல் உதவலாம். மாணவர் விசா என்றால் கொஞ்சம் கவனம், வேலை நேரக் கணக்குக்குள் சில வகைத் தொண்டும் வந்துவிடும்.

என்ன வேலை? பெரிதாக ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். தேத்தண்ணி வண்டி தள்ளுவது, பேப்பர் வாசித்துக் காட்டுவது, பின்னேரம் பிங்கோ விளையாட்டுக்கு இலக்கம் கூப்பிடுவது, கடைசியில் ஒருவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பது. குளிக்க வார்ப்பது, தூக்குவது, மருந்து கொடுப்பது எல்லாம் சம்பளம் வாங்கும் பராமரிப்பாளர்களின் வேலை, அதில் நீங்கள் கைவைக்கக் கூடாது. வரலாறு, சமயம் எதுவும் படித்துக்கொண்டு போகத் தேவையில்லை, அவர்களே சொல்லித் தருவார்கள். ஒன்று மட்டும் சொல்லித் தர முடியாது. செவ்வாய் என்றால் செவ்வாய் போக வேண்டும். நான் வராத ஒரு கிழமை ஒரு கிழவர் நாலு மணியிலிருந்து கோட் போட்டுக்கொண்டு வாசலிலேயே இருந்தார் என்று அடுத்த கிழமை தாதி சொன்னபோது எனக்கு முகம் கறுத்துவிட்டது. மழை, ரயில் ஓடவில்லை, ஒபிஸில் மீற்றிங் என்று நான் சொன்ன காரணம் எதுவும் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்கவில்லை.

இனிச் சாப்பாடு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பிழைவிடுகிற இடம் இதுதான், நான் முதல் மாதமே விட்டேன். அம்மா பயத்தம் பணியாரம் செய்திருந்தா. மரக்கறிச் சாமான்தானே, முட்டைகூட இல்லை, கிழவர்களுக்குக் கொண்டுபோவோம் என்று ஒரு டப்பா நிறையக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் தொண்டர்களைப் பார்க்கிற பொறுப்பாளர் டப்பாவைக் கண்டதும் சிரித்துக்கொண்டே என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, அது எந்தச் சட்டியில் பொரித்தது என்பதுதான் கேள்வியாம். எங்கள் வீட்டில் கோழியும் றாலும் சமைக்கிற குசினியில் செய்த எதுவும் கோஷர் குசினிக்குள், அதாவது யூத உணவு விதிப்படி நடக்கும் குசினிக்குள், போக முடியாது. கடையில் வாங்கினாலும் யூத சமய அதிகாரிகளின் முத்திரை வேண்டும். வெட்டாத பழம் என்றால் பிரச்சினை இல்லை.

எனக்கு முதலில் கொஞ்சம் சுட்டது, மறைப்பானேன். பிறகு பஸ்ஸில் வரும்போது அம்மம்மா ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. கந்தசஷ்டி நாளில் யாராவது தெரியாமல் மச்ச அகப்பையைத் தூக்கிச் சாம்பாருக்குள் விட்டால் அந்தச் சாம்பார் முழுக்க நாய்க்குத்தான். அதையே அவர்கள் வருஷம் முழுக்க, இறைச்சிக்கும் பாலுக்கும் இடையில் செய்கிறார்கள். இரண்டுக்கும் வேறு வேறு சட்டி, தட்டு, கரண்டி, கழுவும் தொட்டிகூட வேறு. இறைச்சி சாப்பிட்டால் பால் தொட மூன்று மணித்தியாலம் பொறுப்பவர்களும் உண்டு, ஆறு மணித்தியாலம் பொறுப்பவர்களும் உண்டு, அது அவரவர் பரம்பரை வழக்கம். ஆகவே மத்தியானம் கோழி சூப் குடித்த ஆளுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே வெறுந்தேத்தண்ணிதான், இல்லாவிட்டால் சோயாப் பால் விட்ட தேத்தண்ணி. வண்டி தள்ளும் முன் பட்டியலைப் பாருங்கள். ஆனால் அங்கே இருக்கும் எல்லோரும் ஆசாரமானவர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். சமயமே வேண்டாம் என்று பேரனோடு சண்டை பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், லண்டன் கிழக்குப் பக்கத்துப் பழைய ஆட்கள் பேகலைப் ‘பைகல்’ என்றுதான் சொல்வார்கள், நீங்கள் மாற்றிச் சொன்னால் திருத்துவார்கள்.

வெள்ளி பின்னேரம் ஷபாத், அதாவது யூதர்களின் கிழமை ஓய்வுநாள், தொடங்கிவிடும், சனி இரவு வரை. சூரியன் படும் நேரத்தை வைத்துக் கணக்கு என்பதால் டிசம்பரில் மூன்றரை மணிக்கே தொடங்கும், ஜூனில் இரவு ஒன்பது தாண்டும். எங்கள் இல்லத்தில் நெருப்புப் பயத்தால் பற்றரி மெழுகுதிரி. கண் தெரியாத ஒரு அம்மா அதன் முன்னால் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொல்லுவா. அந்த நேரத்தில் போனை எடுத்து நோண்டாதீர்கள், யாரும் ஏச மாட்டார்கள், ஆனால் தெரியும்.

இந்த அமைப்புகள் எப்படி வந்தன என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதில் ஒரு பொறாமை உண்டு. லண்டனில் இதில் பெரியது ஜூயிஷ் கெயார். அது 1990 இல் இரண்டு பழைய அமைப்புகள் சேர்ந்து உருவானது. ஒன்று கண் தெரியாத யூதர்களுக்காக 1819 இல் தொடங்கியது. மற்றது 1859 இல், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய ஏழை யூதர்களைப் பார்க்கத் தொடங்கிய சபை. 1881 க்குப் பிறகு ரஷ்யப் பேரரசிலிருந்து யூதர்கள் கப்பல் கப்பலாக வந்து லண்டனின் கிழக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து இருந்தபோது, தங்கள் சனம் அரசாங்கத்தின் ஏழை விடுதிகளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள இப்படியான ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் பக்கம் புரூன் தெருவுக்குப் போனால் 1902 இல் கட்டிய யூத ஏழைகளுக்கான சூப் குசினியின் முகப்பு இன்னும் இருக்கிறது, உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல் என்று கல்லிலேயே எழுதியிருக்கும். நாங்களும் வந்து நாற்பது வருஷமாகிறது. கோயில் கட்டினோம், தேர் இழுக்கிறோம். இடியப்பமும் சொதியும் தந்து, தமிழில் ‘எப்பிடி அம்மா இருக்கிறியள்’ என்று கேட்கிற கெயார் ஹோம் எத்தனை கட்டினோம்?

சரி, வியன்னாவிலிருந்து வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நாலு வருஷம் பக்கத்தில் இருந்தது அவவோடுதான். 1938 டிசம்பரிலிருந்து இரண்டாம் உலக யுத்தம் தொடங்கும் வரை, நாஜிகளிடமிருந்து தப்பவைக்க, கிட்டத்தட்டப் பத்தாயிரம் பிள்ளைகளை, பெரும்பாலும் யூதப் பிள்ளைகளை, தாய் தகப்பன் இல்லாமல் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். கிண்டர்ட்ரான்ஸ்போர்ட் என்பார்கள். ஒரு சூட்கேஸ், பத்து மார்க், கழுத்தில் இலக்கம் எழுதிய அட்டை. ஒரு பிள்ளைக்கு 50 பவுண்டு பிணை கட்ட வேண்டியிருந்தது. லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் அந்தப் பிள்ளைகளின் சிலை இருக்கிறது, நானும் எத்தனையோ தரம் அதைத் தாண்டி ஓடிப்போய் ரயில் பிடித்திருக்கிறேன். இந்த அம்மா 1939 இல், ஒன்பது வயதில் வந்தவ.

ஒரு நாள் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டா. சொன்னேன். 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு யாழ்ப்பாணம் முழுக்க ஒரே ரோட்டால் வெளிக்கிட்டதையும், மழையில் நாவற்குழிப் பாலத்தில் நகரக்கூட இடமில்லாமல் நின்றதையும் சொன்னேன். எத்தனை வயது என்று கேட்டா, ஒன்பது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, என்ன தூக்கிக்கொண்டு போனாய் என்று கேட்டா. அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அம்மம்மா விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த இடியப்ப உரலைத்தான் நான் தூக்கினேன், புத்தகப் பையை விட்டுவிட்டு. நூடில்ஸ் பிழிகிற மாதிரி ஒரு மரச்சாமான் என்று கையால் காட்டி விளங்கப்படுத்த அவ சிரித்தா, கண்ணில் தண்ணி வரச் சிரித்தா. தன்னுடைய அம்மா தனக்கு இரண்டு அளவு பெரிய கோட் ஒன்று வாங்கித் தந்தா என்று சொன்னா. கை முழுக்க மூடி, கீழே காலில் தட்டுப்படும் கோட். கெதியில் வந்துவிடுவோம் என்றுதான் ஸ்டேஷனில் சொன்னவவாம். ‘1941 இல்தான் அந்தக் கோட் எனக்கு அளவாக வந்தது’ என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை, பிங்கோ தொடங்கிவிட்டது.

நாஜிகளின் வதைமுகாம்களுக்குள் இருந்து மிஞ்சியவர்களும் இப்படியான இல்லங்களில் இருந்தார்கள், இன்னும் சிலர் இருக்கிறார்கள். பயிற்சியில் இதை அழுத்திச் சொல்வார்கள்: வரிசையில் நிற்கச் சொல்லாதே, குளியலறையைப் பற்றிச் சத்தமாகக் கதைக்காதே, சீருடைக்காரரைக் கண்டு பயந்தால் ஏன் என்று கேட்காதே. எங்கள் இல்லத்தில் ஒரு கிழவர் ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒரு துண்டு பாணைக் கடதாசியில் சுற்றி லாச்சிக்குள் வைப்பார். யாரும் பறிக்க மாட்டார்கள். அவர் நித்திரையான பிறகு பழைய துண்டை எடுத்துவிட்டு அதே கடதாசியில் புதுத் துண்டைச் சுற்றி வைப்பார்கள். லாச்சி வெறுமையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

2018 க்குப் பிறகு அந்த அம்மாவுக்கு மறதி கூடி, இங்கிலிஷ் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் ஜெர்மன் மட்டும் மிஞ்சியது. மறதி நோயில் பிறகு படித்த மொழி முதலில் போகும், சின்னதில் பேசினது நிற்கும், பலருக்கு அப்படித்தான். எனக்கு ஜெர்மன் தெரியாது. அவ ஜெர்மனில் கதைக்க, நான் தமிழில் பதில் சொல்லுவேன், மழை பெய்கிறது, அம்மாவுக்கு முழங்கால் நோ என்று. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியமாகத் தெரிந்திருக்கும். சில செவ்வாய்களில் அவ என்னை யாரென்றே தெரியாமல் போகச் சொல்லிக் கத்தினதும் உண்டு, போய்விட்டு அடுத்த கிழமை வந்தேன். எல்லா நாளும் நெகிழ்ச்சியான நாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2020 இல் கொரோனாவுக்கு வாசல் பூட்டினார்கள், ஏப்ரலில் அவ போய்விட்டா. ஏழு நாள் துக்கம் இருப்பதை ஷிவா என்பார்கள், முப்பதாம் நாள் அடுத்த கட்டம் முடியும். எங்களுடைய எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும்தான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. முதல் சாப்பாட்டை அயலவர்கள் கொண்டுவருவதும் செத்த வீட்டில் அடுப்பு எரியாத எங்கள் வழக்கம் போலத்தான். அந்த வருஷம் ஸூமில் நடந்தது. மகனிடம் என்ன சொல்வது என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். இங்கத்தைய யூதர்கள் துக்கக்காரரிடம் ‘உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்’ என்று சொல்வார்களாம். எங்கள் ஊரில் செத்த வீட்டில் போய் நூறு வருஷம் இருங்கோ என்று சொன்னால் அடிதான் விழும், போயிட்டு வாறன் என்றே சொல்லக் கூடாத இடம் அது. நா எழவில்லை. கடைசியில் சொன்னேன், அவர் அதே வசனத்தை எனக்கும் திருப்பிச் சொன்னார்.

இன்னொன்று, கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். 2023 ஒக்ரோபருக்குப் பிறகு ‘இந்த நேரத்தில் அங்கேயா போகிறாய்’ என்று சொந்தக்காரரே கேட்டார்கள். காஸாவைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இருக்கிறது, அதை நான் வேறு இடத்தில் வேறு ஆட்களோடு கதைப்பேன், தொண்ணூறு வயது ஆளின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் கொண்டுபோய்ப் போடமாட்டேன். அந்த இல்லத்துக்குள்ளேயே இதைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்கள் இருக்கிறார்கள். வாசலில் காவலாளி இருப்பார், பை பார்ப்பார், அதற்குக் காரணமும் இருக்கிறது. முகம் சுழிக்காமல் காட்டுங்கள்.

விண்ணப்பத்தில் எந்த நாள் வசதி என்று கேட்கும் இடத்தில் செப்ரெம்பர், ஒக்ரோபரில் வரும் யூதப் பண்டிகை நாட்களையும் எழுதுங்கள். யோம் கிப்பூர் என்கிற பெரிய விரத நாளன்று யூதத் தொண்டர்கள் உபவாசம் இருந்து சினகொக்கில், அதாவது தங்கள் கோயிலில், இருப்பார்கள். ஆனால் நடமாட முடியாதவர்களுக்கும் சுகமில்லாதவர்களுக்கும் அன்றும் சாப்பாடு கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும். போன முறை நானும் ஒரு குஜராத்தி அக்காவும் மட்டும்தான் நின்றோம், பகல் முழுக்க. காலமை சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மற்றவர்கள் பட்டினி இருக்கும் இடத்தில் பிஸ்கற் கடிக்க மனம் வராது.