விஷுவல் பேசிக் போன்ற மென்பொருள் கருவிக்குள் ஃபிளாஷ் அனிமேஷனைப் பொருத்துவது எப்படி? இன்றைக்கும் அது ஓடுமா?

பொருத்த ஐந்து நிமிடம் போதும். இன்னொருவர் கம்ப்யூட்டரில் அது ஓட வேண்டுமே, அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். 2006-ல் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் கடைசி வருடப் புராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது கிருஷ்ணகிரி அணை. விஷுவல் பேசிக் 6-ல் ஒரு ஃபார்ம், அதாவது புரோகிராமின் ஜன்னல். இடது பக்கம் நீர்மட்டத்தை டைப் செய்ய ஒரு பெட்டி, வலது பக்கம் ஃபிளாஷில் வரைந்த அணை. முழுக் கொள்ளளவு 52 அடி. 50-ஐத் தாண்டினால் மதகு தூக்கி, தென்பெண்ணையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போக வேண்டும். அணை திறக்கிறார்கள், ஆற்றுப்பக்கம் போகாதே என்று கேட்டு வளர்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

செய்முறை இதுதான். புராஜெக்ட் மெனுவில் காம்போனன்ட்ஸ் திறந்து (கன்ட்ரோல் + டி அழுத்தினாலும் வரும்) ஷாக்வேவ் ஃபிளாஷ் என்பதை டிக் செய்தால், டூல்பாக்ஸில் அதன் ஐகான் வந்துவிடும். இழுத்து ஃபார்மில் போட்டு, மூவி என்ற பிராப்பர்ட்டியில் எஸ்.டபிள்யூ.எஃப் ஃபைலின் (ஃபிளாஷ் அனிமேஷன் ஃபைல்) முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். நிரலிலிருந்து அனிமேஷனுக்கு ஒரு மதிப்பை அனுப்ப செட்வேரியபிள். எண்ணைக்கூட எழுத்தாகத்தான் வாங்கும். அனிமேஷனுக்குள் இருக்கும் பட்டனை அழுத்தியது நிரலுக்குத் தெரிய எஃப்.எஸ்.கமாண்ட் என்ற ஈவென்ட். மூவியைக் கொடுத்த கையோடு செட்வேரியபிளை அழைத்தால் சில நேரம் மதிப்பு போய்ச் சேராது. ஃபைல் இன்னும் லோடாகியிருக்காது; ரெடிஸ்டேட் 4 (முழுதாக லோடாகிவிட்டது என்று பொருள்) ஆகும் வரை பொறுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி போனது. ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ல் செய்த ஃபைல் என்றால் செட்வேரியபிள் வேலைக்கு ஆகாது, எக்ஸ்டெர்னல் இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் பேச வேண்டும்.

வைவா அன்று சிடியில் காப்பி செய்து கொண்டுபோனேன். லேப் மெஷினில் திறந்ததும் பிழை எண் 339: ஃபிளாஷின் ஓசிஎக்ஸ் ஃபைல் (ஃபார்முக்குள் ஃபிளாஷை ஓட்டும் பாகம்) சரியாகப் பதிவாகவில்லை. வீட்டு மெஷினில் ஃபிளாஷ் இருந்தது, லேபில் இல்லை. அது கூடவே வந்துவிடும் என்று நினைத்தது என் தப்பு. நண்பன் ஓடிப்போய் பிரவுசிங் சென்டரிலிருந்து ஓசிஎக்ஸ் ஃபைலைக் கொண்டுவந்தான். ரெக்சர்வர்32 என்ற விண்டோஸ் கட்டளையைப் போட்டுப் பதிவு செய்தோம், ஃபார்ம் திறந்தது. ஆனால் அணை இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. பாதையை ‘டி டிரைவ்’ என்று நேரடியாக எழுதி வைத்திருந்தேன். லேப் மெஷினில் அந்த டிரைவே கிடையாது. புரோகிராம் இருக்கும் ஃபோல்டரைத் தரும் ஆப்.பாத் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏம்பா, தண்ணி எங்கப்பா?” என்றார். பாதையை மாற்றி ஓடவிட்டேன். அவர் முதல் வேலையாக அணைமேல் ரைட் கிளிக் செய்தார், ஃபிளாஷ் மெனு எட்டிப் பார்த்தது. பாஸ் போட்டுவிட்டார், அது வேறு கதை.

சரி, இன்றைக்கு? ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ல் நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபைல்களை ஓட்டாதபடி கடைசிக் காலப் பதிப்புகளுக்குள்ளேயே தடை வைத்திருந்தார்கள். பழைய ஓசிஎக்ஸைத் தேடிப் பிடித்தால் ஓடும்தான். ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை இனி யாரும் அடைக்கப்போவதில்லை, நெட் இணைப்புள்ள மெஷினில் அதைப் போடாதீர்கள்.

புதிதாகச் செய்வதென்றால் நான் டாட்நெட் ஃபார்மில், வெப் பக்கத்தை உள்ளேயே காட்டும் வெப்வியூ2 கன்ட்ரோலைப் போட்டு, அதற்குள் எச்டிஎம்எல் அனிமேஷன் அல்லது லாட்டி ஃபைலை ஓட்டுவேன். லாட்டி என்பது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்ததை ஜேசான் ஃபைலாக எடுத்து ஓட்டும் முறை. அனிமேஷன் செய்கிறவரும் நிரல் எழுதுகிறவரும் வேறு வேறு ஆள் என்றால் இதுதான் வசதி. பழைய எஸ்.டபிள்யூ.எஃப் ஃபைல்தான் கையில் இருக்கிறதா? ரஃபிள் என்ற இலவச எமுலேட்டர் (ஃபிளாஷ் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) அதை அதே வெப்வியூவுக்குள் ஓட்டும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 ஃபைல்கள் பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் ஓடும், 3-ஐச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: பக்கத்தை நேராக டிஸ்கிலிருந்து திறந்தால் எஸ்.டபிள்யூ.எஃப் லோடாகாது. அந்த ஃபோல்டருக்கு ஒரு கற்பனை இணைய முகவரி கொடுத்துத் திறக்க வெப்வியூ2-லேயே வசதி இருக்கிறது.

போன வருடம் என் அணையை இப்படித்தான் திறந்தேன். நீர்மட்டத்தை லோடாகும்போதே பாராமீட்டராகக் கொடுத்தேன், மதகு தூக்கியது. பையன் 99 அடி என்று போட்டான். உச்ச வரம்பை நான் எங்கேயும் சோதிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது, தண்ணீர் அணைக்கு மேலே வானத்தில் நின்றது.

அப்புறம், வெப்வியூ2-க்கும் ரன்டைம் (அதை ஓட்டும் துணை மென்பொருள்) வேண்டும். விண்டோஸ் 11-ல் கூடவே வருகிறது, பழைய மெஷினில் இல்லாமல் போகலாம். அதை நிறுவும் படியை உங்கள் இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிடுங்கள். 339-ஐப் பார்த்தவன் சொல்கிறேன்.