மாநாட்டு மேடையில் முதல் முறை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஹட்டன் மாணவி: அக்கா, 15 நிமிட அளிக்கைக்கு எத்தனை ஸ்லைட் வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு போதும். ஃபோனில் நேரம் வைத்து மூன்று தடவை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். அறையில் 13 நிமிடத்தில் முடிந்தால்தான் மேடையில் 15க்குள் நிற்கும். அப்புறம், பாமினி எழுத்துருவில் தட்டிய ஸ்லைட்டை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஒன்றும் பென்டிரைவில் வையுங்கள்.

பண்டாரவளை ஆசிரியர்: என்னை அமர்வுத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். மூத்த பேராசிரியர் நேரம் தாண்டினால் எப்படி நிறுத்துவது?

நிறுத்தத்தான் வேண்டும், சேர். 90 நிமிட அமர்வில் நான்கு பேர். முதல் மூவரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கூட எடுத்தால் 15 நிமிடம் போயிற்று. நான்காவது ஆளுடைய முழு நேரமும் அதுதான். என் முதல் மாநாட்டில் அந்த நான்காவது ஆள் நான். விடியுமுன் கொட்டகலையில் பஸ் ஏறி வந்தவளிடம், "இரண்டு நிமிடத்தில் சொல்லிடுங்க" என்றார் தலைவர். ஒரு வருட வேலையில் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு இறங்கினேன்.

அமர்வு தொடங்குமுன் நால்வரையும் கண்டு பெயர் உச்சரிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். "ஐந்து", "ஒன்று", "முடியுங்கள்" என்று மூன்று அட்டைகளைப் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். எல்லாருக்கும் ஒரே அட்டை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பேராசிரியருக்கும் மனத்தாங்கல் வராது. மூன்றாவது அட்டைக்கும் பேச்சு நிற்காவிட்டால் எழுந்து நில்லுங்கள்.

நுவரெலியா: எத்தனை ஸ்லைட்?

ஹட்டன் தங்கைக்குச் சொன்னதுதான்.

பதுளை மாணவர்: 'இந்தியத் தமிழர்' என்று எழுதினால் சபையில் சண்டை வருமா?

வரும். இலங்கையின் 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்து அந்தப் பெயரில் மலையகத்தவரான நம்மைத் தனியாகக் கணக்கெடுத்தார்கள். 2003 குடியுரிமைச் சட்டத்தின் தலைப்பிலேயே 'இந்திய வம்சாவளி' இருக்கிறது. ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது அதிலுள்ள பெயரை மாற்றாதீர்கள். உங்கள் குரலில் பேசும்போது 'மலையகத் தமிழர்' என்று சொல்லுங்கள். ஏன் என்று ஒரே வரியில் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நாவலப்பிட்டி அண்ணன்: வம்சாவளி என்பதில் என்ன தவறு? என் தாத்தா கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

தாத்தா தன்னை எப்படி அழைத்தாரோ, அது அவர் உரிமை, அண்ணா. நேர்காணலில் அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். ஆனால் இந்த மண்ணில் பிறந்த பிள்ளையை நான் மலையகம் என்ற ஊர்ப் பெயரால்தான் அழைப்பேன்.

கண்டி அக்கா: இப்படி விவாதம் கிளம்பினால் தலைவர் என்ன செய்வது?

இரண்டு பேருக்கு ஒவ்வொரு நிமிடம் கொடுத்து, "மீதியைத் தேநீர் வேளையில் பேசுவோம்" என்று அடுத்தவரை அழையுங்கள். நான்காவது ஆள் காத்திருக்கிறார்.

தலவாக்கலை: காலை ரயிலில் வந்தால் நேரத்துக்குப் போகலாமா?

முதல் நாளே வந்துவிடுங்கள்.

மஸ்கெலியா: என் ஸ்லைட்டில் தமிழ் உடைந்து தெரிகிறதே?

பாமினி! தயவுசெய்து மேலே வாசியுங்கள்.

லிந்துலை மாணவி: லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்கும் ஓர் அம்மாவின் படத்தைப் போடலாமா?

அவரிடம் கேட்டீர்களா? படம் மாநாட்டுத் திரையில் வரும், சபையில் இருப்பவர்கள் ஃபோனில் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிக் கேட்டீர்களா? இல்லையென்றால் தேயிலைக் கொழுந்து நிறைந்த கூடையையும் கைகளையும் மட்டும் காட்டுங்கள். முகம் வேண்டாம்.