தினமும் நடக்கிறேனே, போதாதா?

கேள்வி: வயது 62. சர்க்கரை நோயால் பாதங்கள் மரத்துவிட்டன. முகம் கழுவக் கண்ணை மூடினாலே தள்ளாடுகிறது. நடைப்பயிற்சி போதாதா?

பதில்: நடை நல்லதுதான், தள்ளாட்டத்துக்கு அது மட்டும் போதாது. பாதம் அனுப்பும் சேதி மூளைக்குச் சரியாகப் போவதில்லை, கண்தான் ஈடுகட்டுகிறது. என்னிடம் வருபவர்களுக்கு முதலில் நாற்காலிப் பயிற்சிதான் தருவேன். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள், 10 முறை. தொப்பென்று விழாதீர்கள், இறங்கும்போதும் தொடைக்கு வேலை உண்டு. அப்புறம், சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கண்ணை மூடிச் செய்யும் வீரமெல்லாம் வேண்டாம். செருப்பில்லாமலும் வேண்டாம். முடித்ததும் பாதத்தில் கொப்புளமோ சிவப்போ இருக்கிறதா என்று பாருங்கள். புண் இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எழும்போது தலை சுற்றுகிறதா? அது வேறு விஷயம், ரத்த அழுத்தத்தை உட்கார்ந்தும் நின்றும் பார்க்கச் சொல்லுங்கள்.