போடாக்ஸ் என்பது விஷம்தானே? அதை ஊசியாகப் போட்டால் உடம்புக்குள் என்ன நடக்கும்?

முகச் சுருக்கத்துக்குப் போடலாமா என்ற யோசனையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் போட்டது அதற்கு இல்லை. என் இடது கண்ணும் வாயோரமும் இரண்டு வருடமாகத் தானாக வெட்டி வெட்டி இழுத்தன. மூளையடியில் முக நரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதால் வந்த கோளாறு. கண்ணடிக்கிறேன் என்று நினைத்து எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து, ஆட்களோடு பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

விஷம்தான், மறுக்கவில்லை. காற்றுப் புகாமல் அடைத்த உணவு கெட்டால் அதில் வளரும் பாக்டீரியா உண்டாக்குவது. ஊசியில் ஏறுவது மிக மிகச் சிறிய அளவு, பெரும்பாலும் குத்திய தசையிலேயே நின்றுவிடும். நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் குட்டிக் குட்டிப் பைகளில் இருக்கிறது. பை நுனிச் சுவரோடு ஒட்டித் திறந்தால்தான் அது வெளியே வந்து தசையைச் சுருங்க வைக்கும். ஒட்ட வைக்கும் ஸ்னாப்-25 என்ற புரதத்தை இந்த நச்சு நறுக்கிவிடுகிறது. நரம்பு என்னதான் கத்தினாலும் தசைக்குக் கேட்காது, அவ்வளவுதான். தோல் மரத்துப் போகும் என்பது தவறு. ஊசிக்குப் பிறகும் கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் எனக்குத் தெரிந்தது.

மெல்லிய ஊசியால் கண்ணைச் சுற்றி நாலைந்து இடத்தில் குத்தினார்கள். அன்றும் மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். நான்காம் நாள் காலை பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்த்தால், கீழ் இமை சும்மா இருந்தது. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றேன்.

மூன்று மாதம் கழித்துத் துடிப்பு திரும்பியது. நரம்பு புதுக் கிளை விட்டு, பழைய நுனியும் தேறிவிடுவதால் அப்படித்தான் ஆகும். இரண்டாம் முறை மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவி, மேல் இமை மூன்று வாரம் பாதிக் கண்ணை மூடிக் கிடந்தது. உள்ளே போனதை வெளியே எடுக்க வழியில்லை, காத்திருக்க வேண்டியதுதான். பயமுறுத்துகிறேன் என்று யாராவது சண்டைக்கு வரலாம். நான் டாக்டர் இல்லை, என் முகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கைதேர்ந்தவரிடம் மட்டும் போங்கள்.

அப்புறம் இன்னொன்று, நீங்கள் கேட்காவிட்டாலும். "அழகு சிகிச்சை" என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் எனக்குப் பணம் தர மறுத்துவிட்டது. அமெரிக்காவில் 1989-ல் இந்த மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்ததே மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். புருவ மத்திச் சுருக்கத்துக்கு 2002-ல்தான் கொடுத்தார்கள். இதையெல்லாம் எழுதி மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.