நீதிமன்ற ஊழியர் சுயேச்சையாக உள்ளாட்சித் தேர்தலில் நிற்பது நெறிப்படி சரியா?

உங்கள் நண்பர் நீதிமன்றத்தில் எழுத்தர், கட்சி சாராமல் நகராட்சி உறுப்பினர் பதவிக்கு நிற்க நினைக்கிறார், அதில் என்ன தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையில் இருந்துகொண்டே நிற்கக்கூடாது என்பதுதான் என் பதில். சுயேச்சை என்பதால் சிக்கல் தீராது. நகராட்சியே நீதிமன்றத்துக்கு அடிக்கடி வரும் வழக்காளி. சொத்து வரி, ஆக்கிரமிப்பு, கட்டட அனுமதி, ஒப்பந்ததாரர் பாக்கி என்று ஏதாவது ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் நகராட்சிக்கு எதிரான மனுவை வாங்கி முத்திரை குத்துகிறவர், மாலையில் அதே வழக்கைப் பற்றிய தீர்மானத்துக்குக் கை தூக்கினால் எப்படி?

'எழுத்தரா தீர்ப்பு எழுதுகிறார்?' என்பார்கள். இல்லைதான். ஆனால் வழக்கறிஞராகச் சொல்கிறேன், தீர்ப்புக்கு முன்னால் நடப்பதில் பெரும்பகுதி அந்த மேஜையில்தான் நடக்கிறது. குறை இருக்கிறது என்று மனுவைத் திருப்புவது, வழக்குக்கு நம்பர் போடுவது, கேஸ் கட்டைத் தேடி எடுப்பது எல்லாம் அவர் கையில். தடை உத்தரவின் நகல் ஒரு நாள் தாமதமானால் போதும், அதற்குள் கட்டடத்தை இடித்து முடித்துவிடுவார்கள். தாமதம் இயல்பாகவே நேர்ந்திருக்கலாம். எழுத்தர் நகராட்சி உறுப்பினராகவும் இருந்தால், வீட்டை இழந்தவர் அதை நம்ப வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஜெயித்தால் வரும் சிக்கலை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குத் தோற்றவரை நினைத்தால்தான் கவலை அதிகம். தனக்கு எதிராக வேலை செய்தவர்கள் யார் யார் என்று அவருக்கு இப்போது தெரியும். விடுப்பு முடிந்து திரும்பி வந்து உட்கார்ந்தால், அவர்களில் ஒருவர் மனுவோடு எதிரே நிற்பார். எழுத்தர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நிற்கிறவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் 5-வது விதி, உள்ளாட்சித் தேர்தலிலும் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று காட்டிக்கொள்ளக் கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற ஊழியர்கள் கட்சி சார்பில் போட்டியிட முடியாது. கட்சி சாராத அரசியலுக்குச் சாதாரண ஊழியருக்கு ஓரளவு இடம் உண்டு, நீதிபதியின் நேரடிப் பணியாளருக்கு அதுவும் இல்லை. இப்படிப் பிரித்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

அதற்காக ஊழியரின் வாயையே கட்டிப்போடுவதையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் நிர்வாக அலுவலகம் 2018-ல் தன் ஊழியர்கள் வேலை நேரத்துக்கு வெளியே கட்சிக்கு நன்கொடை கொடுப்பதையும் வீட்டு வாசலில் வேட்பாளர் பலகை வைப்பதையும் தடுத்தது. இரண்டு ஊழியர்கள் வழக்குப் போட, 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நியாயமான முடிவு. கருத்துச் சொல்வது வேறு, நகராட்சியின் நாற்காலியில் போய் உட்காருவது வேறு.

உங்கள் நண்பருக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் தாராளமாக நிற்கட்டும், ஆனால் வேட்புமனு போடும் முன்பே ராஜினாமா ஏற்கப்பட்டு, விடுவிப்பு ஆணை கையில் இருக்க வேண்டும். அப்புறம், அந்த நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் வக்கீல்களிடம் தேர்தல் செலவுக்குப் பணம் வாங்க வேண்டாம். துண்டறிக்கையில் பழைய வேலையை ஒரு வரியில் சொல்லலாம், நீதிபதியோடு எடுத்த படத்தைப் போடக்கூடாது.