மாற்று வரலாற்றுக் கதை எழுதுகிறேன். 1936 விபத்தில் வால்ட்டர் வேவர் சாகாமல் இருந்திருந்தால், 1940-இல் ஜெர்மனியிடம் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் நானூறு இருந்திருக்குமா?

இருந்திருக்காது. வேவரைத் தாராளமாகப் பிழைக்க வையுங்கள், ஆனால் அந்த நானூறை விட்டுவிடுங்கள். அவர் உயிரோடு இருந்தால் மாறக்கூடியது, பெர்லின் விமான அமைச்சகத்தில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பது. கதை அங்கே இருக்கிறது.

முதலில் விபத்து. ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேயில் வேவரின் பதவிப் பெயர் வேறாக இருந்தாலும், பார்த்தது ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் வேலை. 1936 ஜூன் 3 அன்று ட்ரெஸ்டனில் பயிற்சி மாணவர்களிடம் பேசிவிட்டு, ஜெனரல் லிட்ஸ்மானின் இறுதிச்சடங்குக்காக அவசரமாக பெர்லின் கிளம்பினார். ஹெயின்கெல் 70-ஐத் தானே ஓட்டினார். நிறுத்தி வைத்த விமானத்தில், இறக்கையின் பின்விளிம்பில் இருந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கவும் நிமிர்த்தவும் உதவும் எய்லரான் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டுப் போடுவார்கள். அதை எடுக்கவில்லை. ஓடுபாதையில் நேராக ஓடும்வரை அது தெரியாது, விமானம் எழும்பியும் விடும். ஒரு பக்கம் சாய்ந்தபின் நிமிர்த்தப் பார்க்கும்போதுதான் இறக்கை பேச்சுக் கேட்காது. சாய்ந்தது, வேகம் இழந்தது, விழுந்தது. கிளம்புமுன் ஸ்டிக்கை இடமும் வலமும் ஒருமுறை ஆட்டிப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஆகவே சதி, உளவாளி எதுவும் வேண்டாம். தரைப்பணியாள் ஒருவன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் உங்கள் கதை தொடங்கிவிடும்.

அடுத்து விமானங்கள். வேவர் போனதால்தான் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு மாதிரிகளான டோர்னியர் 19, யுங்கர்ஸ் 89 இரண்டும் 1937 ஏப்ரலில் கைவிடப்பட்டன என்று எல்லாரும் எழுதுகிறார்கள். டோர்னியர் 19-இன் கணக்கைப் பாருங்கள்: ஆளுக்கு 715 குதிரைத்திறனில் நான்கு எஞ்சின், மணிக்கு 320 கி.மீ.கூடத் தொடாத வேகம், 1,600 கிலோ குண்டு. அதே காலத்து ஹெயின்கெல் 111 இரண்டே எஞ்சினில் இதைவிட வேகமாகப் பறந்து, கிட்டத்தட்ட அதே சுமையைச் சுமந்தது. வேவருக்கும் இது தெரியும். இன்னும் பெரிய விமானத்துக்கான 'பாம்பர் ஏ' வரையறை அவர் செத்த அன்றே வெளியானது. அவர் இருந்திருந்தாலும் பழைய இரண்டும் அநேகமாகப் போயிருக்கும்.

'பாம்பர் ஏ' வரையறையில் பிறந்ததுதான் ஹெயின்கெல் 177. இது எப்படிக் கெட்டது என்பதில் உங்களுக்கு நல்ல தீனி உண்டு. டிபி 601 எஞ்சின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கியர்பெட்டியில் இணைத்து, ஒரே புரொப்பெல்லரைச் சுற்ற வைத்தார்கள். பெயர் டிபி 606. முகப்பு குறைந்தால் காற்றின் இழுவை குறையும் என்பது கணக்கு. நடந்தது வேறு. எஞ்சின் கூண்டுக்குள் விரல் நுழைய இடமில்லை. எண்ணெயும் பெட்ரோலும் கசிந்து கொதிக்கும் புகைபோக்கிக் குழாய் மேல் விழ, நடுவானில் தீப்பிடித்தது. போதாததற்கு, இவ்வளவு பெரிய விமானம் செங்குத்துப் பாய்ச்சலில் குண்டு போட வேண்டும் என்றும் கேட்டார்கள். அதற்காக உடலைப் பலப்படுத்தப் பலப்படுத்த எடை ஏறியது. வேவர் இருந்து பாய்ச்சல் நிபந்தனையைத் தடுத்து, நான்கு எஞ்சினையும் தனித்தனியாக வைக்கச் சொல்லியிருக்கலாம். இது நம்பும்படியான மாற்றம். ஆனால் முதல் மாதிரியே 1939 நவம்பரில்தான் பறந்தது. எவ்வளவு விரைவுபடுத்தினாலும் 1941-க்கு முன் படையணியில் சேராது.

நானூறு விமானத்துக்கு 1,600 எஞ்சின், உதிரி தனி. அதை வைத்து எண்ணூறு ஹெயின்கெல் 111 செய்யலாம். 1940 மே மாதம் பிரான்ஸ் மீது பாய்ந்தபோது ஜெர்மனி களமிறக்கிய இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களே ஆயிரத்துச் சொச்சம்தான். அதில் எண்ணூறைக் கழித்துவிட்டு உங்கள் பிரெஞ்சுப் போர் அத்தியாயத்தை எழுதிப் பாருங்கள்.

இனி நாற்காலிகள். வேவர் ஒருவர்தான் விமானப்படைத் தலைவர் கோரிங்குடனும் அமைச்சகச் செயலர் எர்ஹார்ட் மில்ஷுடனும் ஒருசேர வேலை பார்க்கத் தெரிந்தவர். அவருக்குப் பின் கெஸ்ஸல்ரிங், ஷ்டும்ஃப், யெஷொன்னெக் என்று மூன்று வருடத்துக்குள் மூன்று பேர். மில்ஷின் கை நீள்வதைப் பிடிக்காத கோரிங், ஜெனரல் ஸ்டாஃபை நேராகத் தன்கீழ் இழுத்துக்கொண்டார். அதே 1936 ஜூனில், புது விமானங்களை உருவாக்கும் வேலையைப் பார்த்த தொழில்நுட்ப அலுவலகத்தை விஷயம் தெரிந்த விம்மரிடமிருந்து பிடுங்கி எர்ன்ஸ்ட் உடெட்டிடம் கொடுத்தார்கள். உடெட் முதல் உலகப் போரில் 62 விமானங்களை வீழ்த்திய சாகசக்காரர். கோப்பு பார்க்கிற ஆள் இல்லை. மெஸ்ஸர்ஷ்மிட் 210 முதல் மாதிரி பறக்கும் முன்பே ஆயிரத்துக்கு ஆர்டர் போனது, பறந்தபின்தான் அது கட்டுக்கடங்காத விமானம் என்று தெரிந்தது. 1941-இல் ஜெர்மனி செய்தது சுமார் 12,000 விமானம், பிரிட்டன் 20,000. அந்த நவம்பர் 17 அன்று உடெட் தன்னைச் சுட்டுக்கொண்டார். (அவருடைய இறுதிச்சடங்குக்கு வரும் வழியில் விமானப்படை ஜெனரல் வில்பெர்க், போர்விமானி மோல்டர்ஸ் இருவரும் வெவ்வேறு விமான விபத்துகளில் செத்தார்கள். கற்பனையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.)

பொறுப்பு மில்ஷிடம் வந்தபின் 1943-இல் உற்பத்தி 25,000 ஆனது. ஆகவே என் யோசனை: வேவர் பிழைக்கிறார், விம்மரை விட்டுக்கொடுக்க மறுக்கிறார், உடெட் போர்விமானக் கண்காணிப்பாளராகவே நின்றுவிடுகிறார். இந்த ஒரு முடிச்சு போதும். 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடில் சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மன் படைக்கு வான்வழிச் சரக்கு முடியும் என்று யெஷொன்னெக் தலையாட்டிய இடத்தில் வேவரை உட்கார வைக்கலாம். நாளுக்குக் குறைந்தது 300 டன் தேவை, போனது சராசரி 120-ஐக்கூட எட்டவில்லை. பயிற்சிப் பள்ளிகளின் யுங்கர்ஸ் 52 சரக்கு விமானங்களும் பயிற்றுநர்களும் அங்கேயே அழிந்தார்கள். வேவர் 'முடியாது' என்றால் ஹிட்லர் கேட்டிருப்பாரா என்பது உங்கள் சாமர்த்தியம்.

பெட்ரோலை மட்டும் எந்த நாற்காலி மாற்றத்தாலும் சரிசெய்ய முடியாது. 1944 மே 12 முதல் அமெரிக்கர்கள் லோய்னா போன்ற செயற்கை எரிபொருள் ஆலைகளை அடித்தார்கள். ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்த விமான பெட்ரோல் உற்பத்தி செப்டம்பரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்ரோல் இல்லாததால் பயிற்சியும் சுருங்கியது.

மில்ஷைத் திறமையான நிர்வாகியாக எழுதும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். அந்த உற்பத்தி எண்களுக்குப் பின்னால் வதைமுகாம் கைதிகளும் கட்டாயத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதற்காகத்தான் 1947-இல் நியூரம்பெர்க்கில் அவருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. உங்கள் கதையில் உற்பத்தி இன்னும் ஐயாயிரம் கூடினால், அந்த ஆட்களை எங்கிருந்து பிடித்து வந்தார்கள் என்பதற்கும் ஓர் அத்தியாயம் வேண்டும்.